ஏரியைப் பற்றிய ஒரு வரி

என்னிடம் ஒரே குழந்தைப் புத்தகத்தின் இரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்று, 1990களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தில்லி தரியாகஞ்சு நடைபாதையில் பழைய புத்தகக் குவியலிலிருந்து எடுத்தது. அட்டை நைந்து போயிருக்கிறது. உள்ளே யாரோ ஒரு குழந்தை வண்ணக்கோலால் கிறுக்கியிருக்கிறது. மற்றொன்று, என் பேரனுக்கென்று சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய புதுப் பிரதி. டாக்டர் சூஸ் என்னும் புனைபெயர் பூண்ட அமெரிக்க ஆசிரியர் தாமே எழுதிச் சித்திரமும் தீட்டி 1971இல் வெளியிட்ட ‘லோராக்ஸ்’ என்பது அந்நூல். இரண்டு பிரதிகளையும் பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்தால் பழையதில் உள்ள ஒரு வரி புதியதில் காணப்படவில்லை. வட அமெரிக்காவிலுள்ள ஈரி என்னும் பெரிய ஏரியின் சீர்கேட்டைப் பெயர் சொல்லிச் சுட்டும் வரி அது.

அந்த வரி ஏன் எழுதப்பட்டது, பின்னர் ஏன் நீக்கப்பட்டது, நீக்கியது சரிதானா என்று விசாரிக்கப் புகுந்தபோது, இயற்கையின் அழிவைப் பற்றிக் குழந்தைகளுக்கு எச்சரிக்கை செய்யும் சித்திரப் புத்தகங்களின் வரலாறே என்முன் விரிந்தது. அவ்வரலாற்றில் சில பகுதிகளை நேயர்களோடு இன்று பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சித்திரப் புத்தகத்துக்கு மற்ற நூல்களுக்கு இல்லாத ஓர் இயல்பு உண்டு. அதை ஒரே சமயத்தில் இருவர் வாசிக்கின்றனர். மடியில் அமர்ந்த குழந்தை படத்தைப் பார்க்கிறது. மடிக்கு உரியவர் எழுத்தைப் படிக்கிறார். படத்தின் மூலையில் ஒளிந்திருக்கும் பூனையைப் பெரியவர் கவனிப்பதில்லை. சொல்லில் ஒளிந்திருக்கும் வருத்தத்தைக் குழந்தை கவனிப்பதில்லை. தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் இல்லங்களில் இது இன்னும் சிறிது சிக்கலானது. ஆங்கிலத்தில் அச்சான கதையைத் தாய் தமிழில் சொல்லிக்கொண்டே போகிறாள். குழந்தை இந்தியிலோ மராத்தியிலோ கேள்வி கேட்கிறது. காடு அழிகிறது, ஆறு கெடுகிறது என்று இப்படிப்பட்ட புத்தகம் ஒன்று எச்சரிக்குமாயின், அவ்வெச்சரிக்கை இவ்விருவருள் யாருக்கு? ஐந்து வயதுக் குழந்தை எந்த ஆலையையும் நடத்துவதில்லை; எந்தத் தோப்பையும் விலை பேசுவதில்லை.

இவ்வகை நூல்களுள் முன்னோடி என்று பலரும் கருதுவது, 1942இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘சின்ன வீடு’ என்னும் புத்தகம். அதை இயற்றியவர் வர்ஜீனியா லீ பர்ட்டன் என்னும் அம்மையார். மறு ஆண்டிலேயே, சிறந்த சித்திரப் புத்தகத்துக்கு அந்நாட்டில் வழங்கப்பெறும் கால்டெகாட் பதக்கம் அதற்குக் கிட்டியது. கதை மிக எளியது. நாட்டுப்புறத்தில் ஒரு குன்றின்மேல் ஒருவன் உறுதியான சிறிய வீடொன்றைக் கட்டுகிறான். பொன் கொடுத்தாலும் அதை விற்பதில்லை என்பது அவன் சங்கற்பம். அவ்வீடு கதிரவன் எழுவதையும் மறைவதையும் பார்க்கிறது. ஆப்பிள் மரங்கள் பூப்பதையும், பனி பெய்வதையும் பார்க்கிறது. தொலைவில் இரவில் தெரியும் நகரத்தின் விளக்குகளைக் கண்டு, அங்கே வாழ்வது எப்படி இருக்குமோ என்று ஆசையும் கொள்கிறது. நகரத்தைத் தேடி வீடு செல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. நகரமே வீட்டைத் தேடி வருகிறது. முதலில் ஒரு சாலை. பின் பல வீடுகள். பின் அடுக்கு மாடிகள், டிராம் வண்டி, தலைக்கு மேலே ஓடும் இரயில், காலுக்குக் கீழே ஓடும் இரயில். இறுதியில் இரு புறமும் வானளாவும் கட்டடங்கள். உச்சி வேளையில் மட்டுமே வீட்டுக்குச் சூரியன் தெரிகிறது. எந்தப் பருவம் வந்தது, எது போயிற்று என்பதே விளங்கவில்லை.

இதில் ஆசிரியை கையாண்ட உபாயத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். பக்கம் புரளப் புரள, வீடு ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது. சன்னல்கள் இரு கண்கள் போலவும் வாயிற்படி ஒரு வாய் போலவும் அமைந்திருப்பதால், குழந்தைக்கு அது ஒரு முகம். அந்த முகம் அசைவதில்லை. சுற்றிலும் உள்ளதே மாறுகிறது. ‘மாற்றம்’ என்னும் சொல்லின் பொருளை அறியாத குழந்தைகூட, ஒரு பக்கத்தில் இருந்த மரம் அடுத்த பக்கத்தில் இல்லையே என்று கேட்டுவிடும். சூழல் கேட்டைப் பற்றிப் பின்னாளில் வந்த எத்தனையோ சித்திரப் புத்தகங்கள் இதே உபாயத்தைக் கடன் வாங்கின.

பர்ட்டன் அம்மையாருக்கு இது வெறும் கற்பனை அன்று. மாஸசூஸட்ஸ் மாநிலத்தின் கடற்கரையில் அவரும் அவர் கணவரும் வாங்கிய வீடு சாலைக்கு மிக அருகில் இருந்தமையால், அதை அப்படியே பெயர்த்து உட்புறமாக, ஆப்பிள் மரங்களுக்கிடையே நகர்த்தி வைத்தனர். கதையிலும், வீட்டைக் கட்டியவனின் கொள்ளுப்பேத்தியின் வழிவந்த ஒருத்தி அதை அடையாளம் கண்டு, சக்கரங்களின்மேல் ஏற்றி, மீண்டும் நாட்டுப்புறத்தில் ஒரு குன்றின்மேல் கொண்டுபோய் வைக்கிறாள். எல்லாம் சுபமாக முடிகிறது. வேடிக்கை என்னவென்றால், இதற்கு 3 ஆண்டுகள் முன்பு, 1939இல், மலையைக் குடைந்து கால்வாய் வெட்டும் நீராவி மண்வெட்டி யந்திரம் ஒன்றையே கதாநாயகியாக்கி, அதன்மீது குழந்தைகளுக்குத் தீராத அன்பு உண்டாகும்படி எழுதியவரும் இதே அம்மையார்தான். சின்ன வீட்டின் முன்னே சாலை வெட்ட வருவதும் அத்தகைய யந்திரமே. ஒரே கை இரண்டையும் வரைந்ததில் முரண்பாடு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. யந்திரத்தையும் ஆப்பிள் மரத்தையும் நாம் எல்லோருமே ஒருங்கே விரும்பத்தான் செய்கிறோம்.

1942இல் எழுதிய ஒருவருக்கு, தப்பிச் செல்ல ஒரு குன்று எஞ்சியிருந்தது என்பதை மட்டும் இங்கே நினைவில் கொள்வோம்.

அடுத்த 30 ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1962இல் ரேச்சல் கார்ஸன் அம்மையார் ‘மௌன வசந்தம்’ என்னும் நூலை வெளியிட்டு, பூச்சிகொல்லி மருந்துகள் பறவைகளையும் மீன்களையும் எவ்வாறு மாய்க்கின்றன என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டினார். அது பெரியவர்களுக்கான விஞ்ஞான நூலாயினும், அதன் முதல் அத்தியாயம் பறவை பாடாத கற்பனை ஊர் ஒன்றைப் பற்றிய கதையாகவே அமைந்தது. 1970 ஏப்ரல் 22ஆம் நாள் அமெரிக்காவில் முதன்முதலாகப் ‘புவி நாள்’ கொண்டாடப்பெற்றது. அதே ஆண்டில்தான் டாக்டர் சூஸும் எழுத உட்கார்ந்தார்.

அவருடைய இயற்பெயர் தியோடர் கைஸல். 1904இல் பிறந்தவர், 1991இல் மறைந்தார். குழந்தை எழுத்தாளராகப் பெயர் பெறுவதற்கு முன்பு பல ஆண்டுகள் அவருக்குச் சோறு போட்டது எது தெரியுமா? ‘ஃப்ளிட்’ என்னும் பூச்சிகொல்லிக்கு அவர் வரைந்த விளம்பரச் சித்திரங்கள். நம் நாட்டிலும் ஒரு காலத்தில் பல வீடுகளில் மாலையானால் கதவைச் சாத்திக் குழாயால் அடித்த அதே ‘ஃப்ளிட்’தான். ‘லோராக்ஸ்’ நூலில் வரும் குற்றவாளியைக் கைஸல் அவ்வளவு நெருக்கமாக அறிந்து எழுதியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

கலிபோர்னியாக் கடற்கரையில் லா ஹோயா என்னும் ஊரில் ஒரு குன்றின்மேல் அவர் வசித்து வந்தார். கீழே சரிவுகளெல்லாம் கட்டடங்களாக மாறுவதை நாள்தோறும் பார்த்து மனம் வெதும்பினார். எழுத வேண்டும் என்னும் ஆத்திரம் இருந்தது, எழுத்து வரவில்லை. மனைவியின் யோசனைப்படி 1970 செப்டம்பரில் கென்யா நாட்டுக்குப் பயணம் சென்றார். அங்கே ஒரு பிற்பகல், தங்கியிருந்த விடுதியிலிருந்து பார்க்கையில் யானைக் கூட்டமொன்று மலைச்சரிவில் நடந்து சென்றது. என்ன நேர்ந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. கையில் அகப்பட்ட சலவைக் கணக்குத் தாளில் எழுதத் தொடங்கி, நூலில் பத்தில் ஒன்பது பங்கை அன்றே முடித்துவிட்டார். கென்யாவின் வேல மரங்களையும், அவற்றின் பிசினை உண்டு வாழும் பட்டாஸ் என்னும் மீசைக் குரங்கையும் பார்த்துத்தான் லோராக்ஸ் உருவாகியிருக்கக் கூடும் என்று 2018இல் சில ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரையில் கருத்துத் தெரிவித்தனர். படத்தில் உள்ள மீசையைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

கதை இதுதான். ஒன்ஸ்லர் என்பவன், பட்டுப் போன்ற குஞ்சங்களையுடைய மரங்கள் அடர்ந்த ஓர் அழகிய இடத்துக்கு வருகிறான். ஒரு மரத்தை வெட்டி, அதன் குஞ்சத்தால் இன்ன உபயோகத்துக்கென்று சொல்ல முடியாத ஓர் ஆடையைப் பின்னுகிறான். அது விலை போகிறது. உடனே தொழிற்சாலை எழுகிறது. சுற்றத்தார் அனைவரும் வேலைக்கு வருகின்றனர். வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து லோராக்ஸ் வெளிப்பட்டு, நாவில்லாத மரங்களுக்காகத் தான் பேசுவதாகக் கூறித் தடுக்கிறது. கரடி போன்ற விலங்குகள் பசியால் போகின்றன. புகையால் பறவைகள் போகின்றன. கழிவுநீரால் மீன்கள் போகின்றன. இந்த மீன்கள் வேறு தண்ணீரைத் தேடித் துடுப்புகளால் நடந்து செல்லும் பக்கத்தில்தான் ஈரி ஏரியைப் பற்றிய வரி இருந்தது. கடைசி மரமும் விழுகிறது. ‘இல்லாவிட்டால்’ என்று பொருள்படும் ஒற்றைச் சொல் பொறித்த கற்குவியலை விட்டுவிட்டு லோராக்ஸ் மறைகிறது. பல ஆண்டுகளுக்குப் பின், பாழான அவ்விடத்துக்கு வரும் ஒரு சிறுவனிடம் கிழவனான ஒன்ஸ்லர் தன் கதையைச் சொல்லி, எஞ்சிய ஒரே ஒரு விதையை மேலிருந்து போடுகிறான்.

நூல் முழுவதிலும் ஒன்ஸ்லரின் முகத்தை நாம் காண்பதில்லை. பச்சை நிறக் கைகள் மட்டுமே தெரிகின்றன. கோடரி பிடிப்பதும், தொலைபேசியை எடுப்பதும், விதையை எறிவதும் அக்கைகளே. முகம் வரைந்திருந்தால் குழந்தை ‘அதோ, கெட்டவன்’ என்று அவனைச் சுட்டிக் காட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடும். கைகள் மட்டும் இருக்கும்போது, புத்தகத்தைப் பிடித்திருக்கும் கைகளின் பக்கம் ஒருவேளை அதன் பார்வை திரும்பலாம்.

ஆனால் அந்த விதையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அழித்தவன் முதியவன், வளர்க்க வேண்டியவன் சிறுவன். கேட்டை முழுமையாகச் செய்து முடித்தபின், திருத்தும் பொறுப்பை மட்டும் ஒரு பாலகன் கையில் போடுவது நியாயந்தானா? முதன்முறை இதைப் படித்துக் காட்டியபோது என் பேரன், ‘அந்தத் தாத்தா ஏன் கீழே இறங்கி வந்து நடவில்லை?’ என்று கேட்டான். அவருக்குக் கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

எச்சரிக்கையைப் பெரியவர்கள் தங்களுக்கே உரியதென்று எடுத்துக்கொண்டதற்குச் சான்று, இந்நூலின்மேல் எழுந்த வழக்குகள். 1989இல் வட கலிபோர்னியாவில் லேட்டன்வில் என்னும் சிற்றூரில் பெரிய சச்சரவு மூண்டது. மரம் அறுக்கும் தொழிலை நம்பி வாழும் ஊர் அது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்க வேண்டிய நூல்களுள் ‘லோராக்ஸ்’ இருந்தது. மரத் தொழிலையே குற்றமாக்கிக் காட்டும் புத்தகம் என்று சில பெற்றோர் எதிர்த்தனர். விவாதம் செய்தித்தாள்களில் அடிபட்டது. முடிவில் புத்தகம் பட்டியலில் நிலைத்தது. எதிர்த்தவர்களை ஏளனம் செய்வது எளிது. ஆனால் காலை முதல் மாலை வரை காட்டில் உழைத்துவிட்டு வீடு திரும்பும் தந்தையை ஏழு வயது மகன் ஒருவிதமாக நிமிர்ந்து பார்ப்பானாயின் அத்தந்தையின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மரம் வெட்டுவதையே புத்தகம் பழிக்கவில்லை, நிறுத்தத் தெரியாமையையே பழிக்கிறது என்று நாம் வாதிக்கலாம். அந்த நுட்பம் இரண்டாம் வகுப்பில் விளங்குமா என்பது வேறு விஷயம். 1990களின் நடுவில், ஓக் மரப் பலகைத் தளம் செய்வோரின் சங்கம் ‘ட்ரூவாக்ஸ்’ என்னும் மறுப்புப் புத்தகம் ஒன்றை இதே பாணியில் வெளியிட்டது. அதில் மரம் வெட்டுபவர் பொறுமைசாலி; மரத்தைக் காக்க வருவதுதான் கூச்சலிடும் பிராணி. ஒரு பெரிய தொழிற் சங்கம் குழந்தைக் கதைக்குக் குழந்தைக் கதையாலேயே பதில் சொல்லப் புகுந்தது என்றால், அம்பு எங்கே தைத்தது என்பது தெரிகிறதல்லவா?

இதற்கிடையே ஐரோப்பாவில் சின்ன வீட்டின் உபாயத்தை ஒருவர் எல்லை வரை கொண்டு சென்றார். ஸ்விட்சர்லாந்து நாட்டு ஓவியர் யோர்க் முல்லர், 1973இல், ஒரு சொல்கூட இல்லாத ஏழு பெரிய மடிப்புப் படங்களை ஓர் உறையில் இட்டு வெளியிட்டார். 1953 முதல் 1972 வரை ஒரே கிராமப்புறக் காட்சி, ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை. முதற் படத்தில் வயலும் மரமும்; இறுதியில் நெடுஞ்சாலையும் பெரும் அங்காடியும். குற்றம் சாட்டும் குரல் எங்கும் இல்லை. இதைக் குழந்தைக்குக் காட்டும் பெரியவர் ‘படித்துக்’ காட்ட முடியாது. குழந்தை கேட்பதற்கெல்லாம் தம் சொந்தச் சொற்களாலேயே விடை சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழும் ஜீனி பேக்கர் அம்மையார் 1991இல் வெளியிட்ட ‘சன்னல்’ என்னும் நூலிலும் சொற்கள் இல்லை. இலை, துணி, மண் போன்ற உண்மைப் பொருள்களையே வெட்டி ஒட்டி அமைத்த படங்கள். ஒரு தாய் கைக்குழந்தையோடு சன்னல் வழியே பார்க்கிறாள், வெளியே காடு. பக்கந்தோறும் குழந்தைக்கு வயது ஏறுகிறது. வெளியே காடு குறைந்து நகரம் பெருகுகிறது. அவன் வாலிபனாகி, திருமணமாகி, சந்தடியை வெறுத்து நாட்டுப்புறத்தில் புதிய வீடு கட்டிக்கொண்டு, தன் குழந்தையோடு புதிய சன்னலருகே நிற்பதோடு நூல் முடிகிறது. அச்சன்னலுக்கு வெளியே நிலம் திருத்தும் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 1942இல் தப்பிப்பதற்கு இருந்த குன்று 1991இல் இல்லை. தப்பிச் செல்பவனே அதை அழிக்கத் தொடங்குபவனாக ஆகிவிட்டான்.

வெளி மாநிலங்களில் குடியேறிய நமக்கு இந்தக் கடைசிப் பக்கம் கூச்சத்தைத் தருகிறது. ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் விட்டுவந்த வாய்க்காலையும் மாந்தோப்பையும் சொல்லி ஏங்குகிறோம். வந்து சேர்ந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்பதில்லை. சுதந்திரத்துக்குப் பின் அரசாங்க ஊழியர்களுக்கென்று தில்லியில் எழுந்த இராமகிருஷ்ணபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அங்கே பிள்ளைகளை வளர்த்தன. அருகே குன்றின்மேல் முருகனுக்குக் கோயிலும் எழுந்தது. அந்த நிலமெல்லாம் முனீர்க்கா முதலிய கிராமத்தாரின் வயலாக இருந்தது. முனீர்க்கா இன்றும் இருக்கிறது, வயல் இல்லை. மாடிக் கட்டடங்களுக்கு நடுவே குறுகலான சந்துகளாகச் சுருங்கிக் கிடக்கும் அக்கிராமத்தைப் பார்க்கும்போது எனக்குச் சின்ன வீட்டின் நினைவே வரும். அந்த வீட்டைச் சூழ்ந்த நகரம் யார் என்பதும் உடனே நினைவுக்கு வந்துவிடும்.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் இவ்வகை நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. 1730இல் ஜோத்பூர் மகாராஜா அபயசிங்கின் புதிய அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுடுவதற்காக விறகு வேண்டியிருந்தது. அருகிலுள்ள கேஜர்லி கிராமத்துக்கு ஆட்கள் கோடரியோடு சென்றனர். அங்கே வாழ்ந்த பிஷ்ணோய் மக்கள் பச்சை மரத்தை வெட்டுவதைப் பாவமாகக் கருதுபவர்கள். அம்ருதா தேவி என்னும் பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டார். அவரையும் வெட்டினர், அவர் புதல்வியரையும் வெட்டினர். ஒருவர்பின் ஒருவராக 363 பேர் மரங்களைத் தழுவி உயிர் நீத்தனர். அவர்கள் காத்த கேஜ்ரி மரம் நமக்கு அந்நிய மரம் அன்று. சிவாலயங்களில் தல விருட்சமாக நாம் வலம் வரும் வன்னியே அது. 1970களில் இமயமலைப் பகுதியில் எழுந்த சிப்கோ இயக்கத்துக்குப் பின் இப்பழைய வரலாறு மீண்டும் உலகின் கவனத்துக்கு வந்தது. 1990இல் டெபோரா லீ ரோஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் இதைத் தழுவிக் குழந்தைகளுக்கு ஒரு சித்திரப் புத்தகம் எழுதினார்.

அப்புத்தகத்தில் ஒருவரும் இறப்பதில்லை. வெட்ட வந்த வீரர்களை ஊரார் மரங்களைத் தழுவித் தடுக்கும் வேளையில் பெரும் மணற்புயல் வீசுகிறது. புயலிலிருந்து ஊரைக் காத்தவை மரங்களே என்பதைக் கண்ட மகாராஜா மனம் மாறுகிறார். ஐந்தாறு வயதுக் குழந்தைக்குக் கோடரியையும் குருதியையும் காட்ட வேண்டாம் என்று ஆசிரியை கருதியிருக்கலாம். அதைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும், அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டும் பெரியவர் அறிந்ததும் குழந்தை அறிந்ததும் வெவ்வேறு. மணற்புயல் வந்தது என்று வாய் படிக்கிறது. 363 என்று மனம் எண்ணுகிறது. என் பேரனுக்குப் பத்து வயதான பிறகு உண்மையைச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, ‘அப்போதே ஏன் சொல்லவில்லை?’ என்றான். அதற்கும் என்னிடம் நல்ல விடை இல்லை.

எச்சரிக்கையே இல்லாத ஒரு புத்தகத்தையும் இங்கே சொல்லிவிடத் தோன்றுகிறது. 2006இல் சென்னையில் தாரா பதிப்பகத்தார் வெளியிட்ட ‘மரங்களின் இரவு வாழ்க்கை’ என்று பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல் அது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவர் வரைந்த மரங்கள், கறுப்புத் தாளில் கையாலேயே அச்சிடப்பெற்றவை. மரம் போய்விடும் என்று அது பயமுறுத்தவில்லை. பகலெல்லாம் பிறருக்காக உழைத்த மரம் இரவில் எப்படி இருக்கிறது என்று மட்டும் காட்டுகிறது. வன்னி எது, வேம்பு எது என்று அறியாமல் அடுக்கு மாடியில் வளரும் பிள்ளைக்கு, வன்னி அழிகிறது என்ற செய்தி என்ன துயரத்தைத் தரும்? முதலில் மரத்தை அறிமுகம் செய்துவைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இனி, ஈரி ஏரிக்கு வருவோம். 1960களில் அந்த ஏரி செத்துவிட்டது என்றே பத்திரிகைகள் எழுதின. நகரங்களின் சாக்கடையும், சலவைத் தூளிலும் வயல் உரத்திலும் உள்ள பாஸ்பரஸும் கலந்து பாசி மண்டியது. பாசி அழுகியபோது நீரிலிருந்த உயிர்க்காற்று தீர்ந்து மீன்கள் மடிந்தன. க்ளீவ்லண்ட் நகரத்தின் வழியே ஓடி அந்த ஏரியில் விழும் குயஹோகா ஆற்றில் 1969 ஜூன் 22ஆம் நாள் எண்ணெய்க் கழிவு தீப்பற்றி எரிந்தது. ஆறு எரிவதாவது என்று நாம் வியக்க வேண்டியதில்லை. 2017 பிப்ரவரியில் பெங்களூர் பெள்ளந்தூர் ஏரியிலிருந்து புகை எழுந்ததை நேயர்களுள் சிலர் தம் வீட்டு மாடியிலிருந்தே கண்டிருப்பீர்கள். குயஹோகாவின் தீ அரை மணிக்குள் அடங்கிவிட்டது. அந்த ஆறு அதற்கு முன்பும் பலமுறை எரிந்ததுண்டு. பிரபலமான வாரப் பத்திரிகை ஒன்று 1969இல் இச்செய்தியோடு வெளியிட்ட புகைப்படம், உண்மையில் 1952இல் நடந்த வேறொரு தீயின் படம். ஊர் முழுவதையும் உலுக்கியது அப்பழைய படமே. இந்தக் கொந்தளிப்பின் நடுவில்தான் டாக்டர் சூஸ் தம் நூலில் ஏரியைப் பெயர் சொல்லிச் சுட்டினார்.

பிறகு பெரியவர்கள் சில காரியங்களைச் செய்தார்கள். 1972இல் அமெரிக்காவும் கனடாவும் பெரிய ஏரிகளின் நீரைக் காப்பதற்கு உடன்படிக்கை செய்துகொண்டன. சலவைத் தூளில் பாஸ்பரஸைக் குறைத்தனர்; சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களைச் சீர்செய்தனர். ஏரி மெல்லத் தெளிந்தது. மீன்கள் மீண்டும் பெருகின. நூல் வெளிவந்து ஏறத்தாழ 14 ஆண்டுகள் கழிந்தபின், ஒஹாயோ மாநிலத்தில் ஏரியாராய்ச்சியில் ஈடுபட்டிருந்த இருவர் டாக்டர் சூஸுக்கு ஒரு கடிதம் எழுதினர். ஏரி இப்போது தேறிவிட்டது. அந்த வரி இன்னும் இருப்பது நியாயமா என்பது அவர்கள் கேள்வி. அவரும் ஒப்புக்கொண்டார். பின்வந்த பதிப்புகளில் அந்த வரி நீக்கப்பட்டது. எச்சரிக்கை பலித்துவிட்டது என்று ஆசிரியர் ஒருவர் தம் கையாலேயே தம் வரியை அடித்துவிடும் பேறு எத்தனை பேருக்குக் கிட்டும்! இக்கதையை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லத் தரமன்று.

2014 ஆகஸ்ட் முதல் வாரத்தில், ஈரி ஏரியின் மேற்குக் கரையில் உள்ள டொலீடோ நகரத்தில் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று நகராட்சி அறிவித்தது. வயல்களிலிருந்து வழிந்து வந்த பாஸ்பரஸால் ஏரியில் மீண்டும் நீலப்பச்சைப் பாசி மண்டி, அதன் நஞ்சு குடிநீரில் கலந்திருந்தது. கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு. கொதித்து நீர் வற்ற வற்றச் செறிவு கூடுவது. 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஏறத்தாழ மூன்று நாட்கள் கடைகளில் தண்ணீர்ப் புட்டிகளுக்கு வரிசையில் நின்றனர். சூஸ் மறைந்து அப்போது ஏறத்தாழ 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

புதுப் பிரதியில் அந்த வரி இல்லை. தரியாகஞ்சில் வாங்கிய பழைய பிரதியில், மீன்கள் துடுப்பூன்றி நடக்கும் அந்தப் பக்கத்தில், வண்ணக்கோல் கிறுக்கலுக்குக் கீழே அது அப்படியே இருக்கிறது. பேரனுக்குப் படித்துக் காட்டும்போது நான் எடுப்பது பழையதைத்தான்.